சின்னக் குழந்தைகளோடு கேரவன் விடுமுறை: அப்படி அதில் என்னதான் இருக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது. லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்லவ்வில் இருக்கிறீர்கள், 2 வயதிலும் 4 வயதிலும் இரண்டு குழந்தைகள். அலுவலகத்தில் பிள்ளை குட்டியோடு இருக்கும் ஆங்கிலேயர்கள் எல்லாரும் கோடை வந்தால் கேரவன், கேரவன் என்கிறார்கள். மழை விட்டு விட்டுப் பெய்கிற நாட்டில் ஒரு பெட்டிக்குள் நாலு நாள் உட்கார்ந்துவிட்டு வருவதில் அப்படி என்ன இருக்கிறது, 1,400 கிலோ எடையுள்ள எங்கள் காரில் இழுக்கிற மாதிரி பழைய கேரவன் ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்த வயதுக் குழந்தைகளை வைத்துக்கொண்டு இது நமக்குச் சரிப்படுமா? கேரவன் சர்வீஸ், ரிப்பேர் வேலையில் பல வருடங்களாக இருப்பதால் எடை, கேஸ், கரண்ட் விஷயங்களை உறுதியாகச் சொல்ல முடியும். குழந்தைகள் தூங்குவார்களா, செலவு மிச்சமாகுமா என்பதெல்லாம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அவற்றை அப்படியே குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

முதலில், கேரவன் என்று இங்கே சொல்வது மூன்று வேறு வேறு பொருள்கள். காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போவது டூரர். கடற்கரை ஹாலிடே பார்க்குகளில் ஒரே இடத்தில் நிற்கும், சுமார் 12 அடி அகலமும் 35 அடி நீளமும் உள்ள வீடு போன்றது ஸ்டாட்டிக். இன்ஜினும் வீடும் ஒன்றாகச் சேர்ந்தது மோட்டார்ஹோம். உங்கள் சக ஊழியர்களில் பாதிப் பேராவது ஸ்டாட்டிக்கை வாடகைக்கு எடுத்துத் தங்குவதைத்தான் கேரவன் ஹாலிடே என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் நேரே டூரர் வாங்கப் போனால் பணம் வீணாகும்.

இதன் ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அதே குழந்தைகளோடு ஒரு ஹோட்டல் ஃபேமிலி ரூமில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். இரவு ஏழரைக்குச் சின்னது தூங்க வேண்டும். இருப்பது ஒரே அறை, அதனால் விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் இருட்டில் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். காலை ஐந்தரைக்கு அது எழுந்துவிடும், பக்கத்து அறைக்காரர்கள் எழக்கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஹோட்டலில் காலை உணவு ஏழு மணிக்கு. பால் சூடாக்க வழியில்லை. மதியம் ஒரு மணித் தூக்கத்துக்கு ரூமுக்குத் திரும்பினால் அப்போதுதான் சுத்தம் செய்துகொண்டிருப்பார்கள். ஊர் சுற்றுவதற்காகப் போன இடத்தில் பெற்றோருக்குச் சுற்றுவதைவிடச் சமாளிப்பதுதான் பெரிய வேலையாகிவிடுகிறது.

கேரவனில் மாறுவது இதுதான். நடுவில் ஒரு கதவோ தடுப்போ இருக்கிறது. குழந்தை உள்ளே தூங்கினால் நீங்கள் முன்பக்கத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு சாப்பிடலாம். நடுராத்திரியில் பால் காய்ச்சலாம். ரசம் சாதம் தவிர வேறு எதையும் தொடாத பிள்ளைக்கு ரசம் சாதமே கொடுக்கலாம். கதவைத் திறந்தால் லிஃப்ட், காரிடார், ரிசப்ஷன் எதுவும் கிடையாது, நேரே புல்தரை. அடுப்பங்கரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சமைக்கிற தூரத்தில் நாலு வயதுப் பிள்ளை விளையாடும். இந்த வயதில் குழந்தைக்குக் கோட்டையும் அருங்காட்சியகமும் பெரிதாகப் படுவதில்லை. ஒரு வாளி, கொஞ்சம் மணல், பக்கத்து வண்டியிலிருந்து வரும் இன்னொரு பிள்ளை, இது போதும். தூக்கம், சாப்பாடு, டாய்லெட் மூன்றும் வீட்டில் போலவே நடக்க, மற்றதெல்லாம் புதிதாக இருப்பது, இதைத்தான் உங்கள் சக ஊழியர்கள் அனுபவிக்கிறார்கள். என்னைக் கேட்டால், எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைவிட ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கே கேரவன் அதிகம் பொருந்துகிறது.

உங்கள் பிள்ளைகளின் வயதில் இன்னொரு லாபமும் உண்டு. இங்கிலாந்தில் கட்டாயப் பள்ளி வயது தொடங்குவது ஐந்தாவது பிறந்தநாளுக்கு அடுத்து வரும் டெர்மிலிருந்து, அதாவது பள்ளிப் பருவத்திலிருந்து. அதற்குப் பிறகு அனுமதியில்லாமல் டெர்ம் நடுவே விடுப்பு எடுத்தால், 2024 ஆகஸ்ட் முதல், ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு அபராதம் வரலாம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. உங்கள் மூத்தது பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷனில் இருந்தாலும் அந்த வயது வரும்வரை இந்த அபராதம் கிடையாது. பள்ளிக்குச் சொல்லிவிட்டுப் போவது மரியாதை, அவ்வளவுதான். ஜூன் நடுவிலோ செப்டம்பரிலோ திங்கள் முதல் வெள்ளி வரை நாலு இரவு எடுத்தால், அதே ஸ்டாட்டிக்குக்கு ஆகஸ்டில் கேட்கும் வாடகையில் பாதிக்கும் கீழே கிடைப்பது சாதாரணம். நீச்சல் குளத்தில் கூட்டமும் இருக்காது. இந்தச் சலுகை உங்களுக்கு இன்னும் ஒன்று, ஒன்றரை வருடம்தான்.

இனி சந்தேகமான பக்கம். கேரவன் விடுமுறை மலிவு என்று எல்லாரும் சொல்வார்கள். வாடகைக்கு எடுத்தால், அதுவும் சீசன் இல்லாத நாளில் எடுத்தால், உண்மை. சொந்தமாக டூரர் வாங்கினால் நிறுத்தி வைக்கும் வாடகை, இன்ஷூரன்ஸ், வருட சர்வீஸ், டயர் என்று எல்லாவற்றையும் கூட்டி வருடத்தில் தங்கும் இரவுகளால் வகுத்துப் பாருங்கள். வருடத்துக்குப் பத்து இரவு மட்டும் போகிறவருக்கு ஹோட்டலைவிட அதிகமாகத்தான் வரும். குழந்தைகள் நன்றாகத் தூங்குவார்கள் என்பதையும் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் ஒரு பிள்ளையைத் தாலாட்டும், இன்னொன்றை எழுப்பிவிடும். ஜூன் நடுவில் லண்டன் பக்கத்தில் இரவு ஒன்பதேகால் தாண்டித்தான் சூரியன் மறைகிறது, காலை ஐந்துக்கு முன்பே உதித்துவிடுகிறது. டூரரில் ஜன்னலோடு சேர்ந்த பிளைண்டு இருக்கும், வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும். ஸ்டாட்டிக்கில் பெரும்பாலும் மெல்லிய திரைதான். சக்ஷன் கப்போடு வரும் கறுப்புத் துணி பிளைண்டு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்தால் என்ன செய்வது என்பதற்கு நேர்மையான பதில்: கஷ்டம்தான். அதனால்தான் முதல் தடவைக்கு உள்ளரங்க நீச்சல் குளமும் விளையாட்டு அறையும் உள்ள பார்க்காகப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கார். இங்கேதான் உங்கள் திட்டம் இடிக்கிறது. 2021 டிசம்பர் 16 முதல் கிரேட் பிரிட்டனில் சாதாரண கார் லைசென்ஸ் இருந்தாலே 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம், தனி டெஸ்ட் தேவையில்லை. ஆனால் உங்களிடம் இன்னும் இந்திய லைசென்ஸ்தான் என்றால், இங்கே குடியேறி 12 மாதத்துக்குப் பிறகு அது காரை ஓட்டவே செல்லாது, மாற்றிக்கொள்ளவும் முடியாது, டெஸ்ட் எழுதி ஓட்டிக் காட்டித்தான் புதிதாக வாங்க வேண்டும். இலங்கை லைசென்ஸுக்கும் இதே கதைதான். லைசென்ஸ் சரியாக இருந்தாலும், காரின் சக்தி வேறு விஷயம். காரின் அடையாள எண் பொறித்த வி.ஐ.என். தகட்டைப் பாருங்கள், பெரும்பாலும் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். அதில் கார் முழுச் சுமையோடு இருக்கக்கூடிய எடையும், கார், டிரெய்லர் இரண்டும் சேர்ந்து இருக்கக்கூடிய எடையும் இருக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் இழுக்கக்கூடிய எடை. இரண்டாவது எண் இல்லவே இல்லையென்றால் அந்தக் காரில் இழுக்கவே கூடாது. ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்களில் இப்படிப் பல உண்டு, அதனால் முதலில் இதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

தகடு அனுமதித்தாலும், புதிதாக இழுப்பவர்களுக்குக் கேரவன் கிளப்புகள் சொல்லும் அளவு 85 சதவீதம். அதாவது, சாமானோடு கேரவனின் எடை காரின் சொந்த எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது சட்டம் இல்லை, ஆலோசனை. ஆனால் நல்ல ஆலோசனை. 1,400 கிலோவில் 85 சதவீதம் 1,190 கிலோ. குழந்தைகளுக்கு நிரந்தரப் பங்க் படுக்கை (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குக் கட்டில்) உள்ள குடும்பக் கேரவன்கள் பெரும்பாலும் 1,300 முதல் 1,500 கிலோ வரை வரும். ஆக, உங்கள் கார் இழுக்கக்கூடிய கேரவனில் உங்கள் குடும்பத்துக்கு இடம் போதாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பங்க்கின் மேல் படுக்கையில் ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைப் படுக்க வைக்கக் கூடாது. உங்கள் இரண்டுமே ஆறுக்குக் கீழே. அப்படியென்றால் நாலு பேர் படுக்கும் வண்டி என்று விற்கப்படுவதில் உங்களுக்கு ஒரு படுக்கை வீண். சின்னதுக்குத் தொட்டில் விரிக்கத் தரையில் இடம் வேண்டும், அல்லது பக்கவாட்டு மேசையைப் படுக்கையாக மாற்றும் ஐந்து, ஆறு பெர்த் வண்டி வேண்டும். அது இன்னும் கனம். வாங்கத்தான் வேண்டும் என்றால் கார் மாற்றும்போது சேர்த்து யோசியுங்கள். இப்போது வேண்டாம்.

மோட்டார்ஹோம் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் இந்த வயதுக்கு நான் கடைசியாகத்தான் சொல்வேன். இங்கே 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், எது முந்துகிறதோ அதுவரை குழந்தைக்குக் கார் சீட் கட்டாயம். பல மோட்டார்ஹோம்களின் பின் இருக்கையில் ஐசோஃபிக்ஸ், அதாவது சைல்டு சீட்டை மாட்டும் கொக்கிகள், இருக்காது, பக்கவாட்டில் பார்த்த இருக்கையில் சைல்டு சீட்டை மாட்டவே கூடாது. தவிர, பால் தீர்ந்துவிட்டால் கடைக்குப் போக முழு வீட்டையும் கிளப்பிக்கொண்டு போக வேண்டும்.

எனவே என் பரிந்துரை ஸ்டாட்டிக்: டெர்ம் நேரத்தில் நாலு இரவு, வீட்டிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரத் தூரத்துக்குள். புக் செய்யும் முன் போன் செய்து சில விஷயங்களைக் கேளுங்கள். படுக்கையறையில் ஹீட்டர் இருக்கிறதா? குறைந்த விலை கிரேடுகளில் ஹாலில் ஒரு கேஸ் ஃபயர் மட்டும் இருக்கும், ஏப்ரல், அக்டோபர் இரவுகளில் குழந்தைகள் அறை ஜில்லென்று ஆகிவிடும். இரட்டைக் கண்ணாடி, சென்ட்ரல் ஹீட்டிங் என்று எழுதியிருக்கும் கிரேடாகப் பாருங்கள். படிக்கட்டுப் பக்கம் கேட் போட்ட வராந்தா இருக்கிறதா? தரையிலிருந்து மூன்று நாலு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும், இரண்டு வயதுக்கு இந்தக் கேட் அவசியம். பெட்ஷீட், டவல் தருகிறார்களா? பல இடங்களில் டவல் தனிக் காசு. குழந்தைகள் அறையின் கட்டில்கள் மிகக் குறுகலானவை, நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடைவெளிதான், அங்கே தொட்டில் நுழையாது. பெரிய படுக்கையறையிலோ ஹாலிலோதான் போட முடியும். கட்டிலில் படுக்கும் பிள்ளை உருளாமல் இருக்க, மெத்தை விளிம்பில் பெட்ஷீட்டுக்கு அடியில் சுருட்டிய டவலோ நீச்சல் குளத்து ஃபோம் குழாயோ வைத்தால் போதும்.

டூரர் யோசனை அடியோடு போகவில்லை என்றால், அதை இழுக்கக்கூடிய கார் கையில் இருக்கும்போது ஒரு தடவை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். எடைக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு குடும்பக் கேரவனில் உங்கள் சாமானுக்கென்று இருக்கும் அளவு 150 கிலோ அளவில்தான். முன்கூடாரம் 25, பேட்டரி 20, நிரம்பிய சிறிய கேஸ் சிலிண்டர் 15, வண்டியைத் தள்ளும் மோட்டார் இருந்தால் 30. இதிலேயே 90 போய்விடும். மிச்சம் 60 கிலோவில் நாலு பேர் துணி, பாத்திரம், நாற்காலி, தொட்டில். 40 லிட்டர் தண்ணீர் உருளையை வீட்டிலேயே நிரப்பி ஏற்றினால் 40 கிலோ காலி, அதைப் போய்ச் சேர்ந்த பிறகு நிரப்புங்கள். கனமானவற்றை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு வையுங்கள். காரின் கொக்கிப் பந்தில் இறங்கும் எடை கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். உதாரணமாக, 1,200 கிலோ வண்டிக்கு 60 முதல் 84 கிலோ. உங்கள் காரின் வரம்பு 75 என்றால் அதற்குள் நிறுத்த வேண்டும். இதை அளக்கச் சின்னக் கருவி விற்கிறது.

இந்தக் கணக்கு தப்பினால்தான் வண்டி பாம்பு போல ஆடத் தொடங்கும். பின்பக்கம் கனம் கூடுவது, இறக்கத்தில் வேகம், லாரி உரசுகிற மாதிரி முந்திப் போகும்போது அடிக்கும் காற்று, இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தால் ஆட்டம் வரும். வந்தால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், வேகம் தானாகக் குறையட்டும். பதறிப்போய் அழுத்தி பிரேக் போடக் கூடாது, எதிர்த்திசையில் திருப்பவும் கூடாது. வேக வரம்பு நடுவில் தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், தடுப்பு உள்ள இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60. மூன்று அல்லது அதற்கு மேல் லேன் உள்ள மோட்டார்வேயில் வலக்கடைசி லேனுக்குப் போகக் கூடாது. ஓடும்போது கேரவனுக்குள் யாரும், தூங்கும் குழந்தைகூட, இருக்கக் கூடாது. மேப் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டால் குழந்தைகளின் நிறுத்தங்களுக்கும் சரியாக இருக்கும்.

சைட்டில், அதாவது கேரவன் நிறுத்தித் தங்கும் இடத்தில், போய் நிறுத்தும் வரிசை முக்கியம். முதலில் இடம் வலம் சமன், தாழ்ந்த பக்கச் சக்கரத்தைச் சாய்வுக் கட்டை மேல் ஏற்றி. பிறகு கேரவன் ஹேண்ட்பிரேக். பிறகு காரைக் கழற்றுவது. அதன்பின் கேரவன் முனையில் இருக்கும் சின்ன முன்சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி முன் பின் சமன். கடைசியில் நாலு மூலைக் கால்களை இறக்குவது. அந்தக் கால்கள் ஆடாமல் பிடிக்கத்தான், வண்டியைத் தூக்க அல்ல. தூக்க முயன்று வளைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுவது வாராவாரம் நடக்கிறது. கரண்ட் கேபிளை முதலில் கேரவனில் செருகிவிட்டு, பிறகு சைட் கம்பத்தில் செருகுங்கள். கழற்றும்போது தலைகீழ். சுருளை முழுக்க விரித்துப் போடுங்கள், சுருட்டியே வைத்தால் சூடேறி உருகும்.

கரண்ட் எவ்வளவு என்பது நம் சமையலுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சைட் கம்பம் 16 ஆம்பியர் என்றால் சுமார் 3,600 வாட், 10 ஆம்பியர் என்றால் 2,300 தான். ஹீட்டர் 1,000, தண்ணீர் சூடாக்கி 850, ஃபிரிட்ஜ் 150 என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே 2,000 ஆகிவிட்டது. அதன் மேல் 700 வாட் ரைஸ் குக்கரைப் போட்டால் 10 ஆம்பியர் கம்பம் கட் ஆகும், வீட்டுக் கெட்டில் 3,000 வாட், அது எங்கேயும் பிரச்சினைதான். சில சைட்டுகளில் கம்பம் பூட்டியிருக்கும், சைட்டைப் பார்த்துக்கொள்ளும் வார்டன் வந்துதான் போட வேண்டும், ராத்திரி பத்துக்குமேல் அதுவும் சிரமம். அரிசி வேகும் இருபது நிமிடம் தண்ணீர் சூடாக்கியை அணையுங்கள், வேலை முடிந்தது. டீக்குக் கேஸ் அடுப்பு. சின்னக் குக்கர் தாராளமாகக் கொண்டு போகலாம். மாவை அரைத்து டப்பாவில் கொண்டு போங்கள், காலை ஏழு மணிக்கு மிக்ஸி ஓட்டினால் ஆறு மீட்டர் தள்ளி நிற்கும் பக்கத்து வண்டிக்காரர் எழுந்துவிடுவார். தாளிக்கும்போது கூரை ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் அடித்துத் தூங்கும் குழந்தை எழுந்துவிடும். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கேஸில் புரோப்பேன் சிலிண்டரே எடுங்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினால் ஆவியாகாது, குளிர்ந்த காலையில் அடுப்பு எரியாது. தரையில் சின்னத் துளைகளும் சுவரில் காற்றுத் துவாரங்களும் இருக்கும். கசியும் கேஸ் காற்றைவிடக் கனம், தரை வழியாக இறங்கி வெளியே போகத்தான் அந்தத் துளைகள். குளிர் வருகிறதென்று பாய் போட்டு மூடக் கூடாது. இன்னொன்று, கரி பார்பிக்யூவை அணைந்துவிட்டது என்று நினைத்து மழைக்கு உள்ளேயோ முன்கூடாரத்திலோ வைப்பது. சாம்பல் பூத்த கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும், வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். இந்த நாட்டில் இப்படிக் குடும்பங்கள் இறந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வண்டியில் ஓர் இரவுகூடப் படுக்காதீர்கள்.

குழந்தைகளைப் பொறுத்தவரை உள்ளே முதல் ஆபத்து சுடுதண்ணீர். பல வண்டிகளில் 10 லிட்டர் தொட்டி, தண்ணீரை 70 டிகிரி வரை சூடாக்கும். வீட்டுக் குழாயைவிட அதிகச் சூடு, இரண்டு வயதுக் கை பட்டால் வெந்துவிடும். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர். இரண்டையும் கலந்தால் இருபது லிட்டருக்கு மேல் வரும், இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டப் போதும். அடுப்பு பெரும்பாலும் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், சமைக்கும்போது உள்ளே வெளியே ஓடக் கூடாது என்பதை முதல் நாளே விதியாக்குங்கள். ஜன்னல் கீழிருந்து வெளிப்பக்கம் தள்ளித் திறக்கும், சோபாவில் ஏறினால் பிள்ளை அதன் வழியே இறங்கிவிட முடியும், அந்தப் பக்கம் இரண்டு விரல் அளவு மட்டும் திறந்து பூட்டுங்கள். கெமிக்கல் டாய்லெட் நாலு பேருக்கு இரண்டு நாளில் நிரம்பும். அதில் ஈரத்துடைப்பான் போட்டால் அடைத்துக்கொள்ளும், ப்ளீச் ஊற்றினால் ரப்பர் சீல் கெடும். நாங்கள் பார்க்கும் டாய்லெட் ரிப்பேரில் பெரும்பாலானவை இந்த இரண்டால் வருபவைதான்.

வெளியே கடல். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2016 ஆகஸ்ட் 24 அன்று சசெக்ஸ் பக்கம் கேம்பர் சான்ட்ஸ் கடற்கரையில் லண்டனிலிருந்து போன ஐந்து தமிழ் இளைஞர்கள் இறந்துபோனார்கள். அமைதியான, பரந்த மணல் கடற்கரை அது, குடும்பங்கள் போகிற இடம். தட்டை மணல் கடற்கரையில் நீர் இறங்கும்போது மணல்திட்டுகள் தெரியும். அதில் தூரமாக நடந்து போனபின் பின்னால் இருக்கும் பள்ளம் வழியாகக் கடல் ஏறி வழியை அடைத்துவிடும். அப்போது அங்கே உயிர்காப்பாளர்கள் கிடையாது, பிறகுதான் வந்தார்கள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள், கடல் ஏற்ற இறக்க நேரத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், காற்றடைத்த மிதவைகளைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள், கரையிலிருந்து வீசும் காற்று நிமிடத்தில் இழுத்துப் போகும். நார்ஃபோக்கில் வெல்ஸ் கடற்கரையில் கடல் ஏறும்போது எச்சரிக்கைச் சைரன் ஒலிக்கும், கேட்டதும் திட்டுகளிலிருந்து திரும்பிவிட வேண்டும். பிரிஸ்டல் கால்வாய்ப் பக்கம் பிரீன், வெஸ்டன் கரைகளில் நீர் வெகுதூரம் பின்வாங்கி, சேறு கால் புதையும். அங்கே தண்ணீரைத் தேடி நடக்கவே கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு டோர்செட்டில் வெய்மத் நல்லது. விரிகுடாவுக்குள் இருப்பதால் அலை குறைவு, தரை மெல்லச் சரியும்.

நாலு இரவு ஸ்டாட்டிக்கில் இருந்து பார்த்து, பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் பிடித்துப்போய், காரும் மாற்றி, அப்புறம் பழைய டூரர் பார்க்கப் போனால், உள்ளே போனதும் மெத்தைத் துணியையோ டிவியையோ பார்க்காதீர்கள். அலமாரிகளுக்குள் தலையை விட்டு முகர்ந்து பாருங்கள், ஜன்னல் மூலைகளையும் முன்சுவரின் அடிப்பகுதியையும் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் சுவருக்குள் மரம் இற்றுப்போயிருக்கிறது. 1992 முதல் செய்யப்பட்ட வண்டிகளுக்கு கிரிஸ் என்ற கேரவன் பதிவேட்டில் பதிவும், ஜன்னல் கண்ணாடியில் பொறித்த 17 இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண் ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா, எல்லா ஜன்னலிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு ஜன்னலில் சுரண்டியிருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கம் செய்த வாரமும் வருடமும். ஓடாமல் நின்றாலும் ஐந்து முதல் ஏழு வருடத்தில் மாற்றியாக வேண்டும். கடைசியாக ஈரமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் நிம்மதி, 15 முதல் 20 வரை என்றால் சில மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். 20-க்கு மேல் பல இடங்களில் காட்டினால், விற்பவர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காமல் திரும்பிவிடுங்கள், உள்ளே இற்றுப்போன மரத்தைப் பிரித்து மாற்றும் கூலி வண்டியின் விலையையே தாண்டிவிடும்.